அத்தை கூண்டில் சொன்ன ஆமா

என் அத்தையைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பதினோரு நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்தப் பதினோரு நிமிடத்தில் அத்தை பதினேழு முறை 'ஆமா' என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சாட்சியத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அத்தையின் வக்கீல் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்தான், ஆனால் வாசல் வரைக்கும். ஆட்டோவில் ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. நான் சட்டம் படித்து முடித்துக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சைதாப்பேட்டைக்குள் நடந்த முதல் நாள், எங்கள் தெருவில் மூன்று பேர் தங்கள் வீட்டுத் தகராறைக் கொண்டுவந்து என்னிடம் கொட்டினார்கள். இரண்டு பேர் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. அந்தக் கனத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை, இறக்கும் உத்தேசமும் இல்லை.

அத்தை அப்பாவின் அக்கா. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். மாமா இறந்த பிறகு தள்ளுவண்டி போட்டாள். காலையில் இட்லியும் வடகறியும், சாயங்காலம் பஜ்ஜி. அவளுடைய வீடு பின்வீடு. தெருவுக்கு வர வேண்டுமென்றால் முன்வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் சந்து வழியாகத்தான் வர வேண்டும். வண்டி அந்தச் சந்தில் இருபுறமும் ஒரு கை இடைவெளி விட்டுப் போகும். இருபது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் போய் வந்தது.

பிறகு முன்வீடு கைமாறியது. தி. நகரிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு மாதம் நல்லபடியாக இருந்தார், அத்தையிடமே இட்லி வாங்கினார். ஏழாவது மாதம் கார் வாங்கினார். காரைச் சந்தின் வாயில் நிறுத்துவதற்காக ஒரு பெரிய இரும்பு கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். ஆள் போக அதில் ஒரு சின்னக் கதவு இருந்தது. வண்டி போகாது. அத்தை இட்லிப் பானையைத் தலையிலும் வடகறி அண்டாவை இடுப்பிலும் சுமந்துகொண்டு போய்த் தெருவில் ஒரு ஸ்டூலைப் போட்டு விற்கத் தொடங்கினாள். பாதி ஆட்கள் வண்டியைக் காணோம் என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். பஜ்ஜிச் சட்டியைச் சுமக்க முடியாது. எனவே பஜ்ஜி நின்றேவிட்டது.

வண்டி மறுபடி அந்தச் சந்து வழியாகத் தெருவுக்கு வர வேண்டும். வழக்கு அவ்வளவுதான். ஆழ்வார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் என் சீனியர் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் அத்தை, உன் தெரு, உன் சந்து. நீயே நடத்து. தோத்தாலும் குடும்பத்துக்குள்ளயே இருக்கும்" என்றார்.

கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் பழைய சிவப்புக் கட்டடம். எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. நான் இன்னும் அங்கேதான் பிழைக்க வேண்டும். வெள்ளைக்காரன் கட்டியது. அகலமான வராந்தா, ஆளுயரத்துக்கு மேல் ஜன்னல், ஜன்னலுக்கு மேல் புறா. சாட்சிக் கூண்டு தேக்கில் செய்தது. கைப்பிடி மட்டும் பல தலைமுறைச் சாட்சிகளின் உள்ளங்கை வியர்வையில் கறுத்துப்போய் இருக்கும்.

எந்தக் கோர்ட்டில் வழக்கு என்று சொன்னதுமே அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கோர்ட்டாடி? அது ஆத்தா நின்ன கோர்ட்டுடி!"

இந்த ஆத்தா அத்தையின் ஊரில் குறி சொன்னவள். அவளை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்களைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உடுக்கையைத் தட்டிக்கொண்டு குறி சொன்னால் காணாமல் போன மாடு எந்த ஊர்ப் பட்டியில் நிற்கிறது என்பது வரைக்கும் சொல்வாளாம். அவள் ஊரை ஏமாற்றுகிறாள் என்று யாரோ எழுதிப்போட, போலீஸ் பிடித்துப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து இதே கோர்ட்டுக் கூண்டில் ஏற்றியதாம். வெள்ளைக்கார நீதிபதி, "உனக்கு எல்லாம் தெரியுமாமே, எனக்கு ஒரு குறி சொல் பார்க்கலாம்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். ஆத்தா கண்ணை மூடி, "துரை, உன் இடது கால் பூட்ஸுக்குள்ள தேள் கீது" என்றாளாம். துரை சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது காலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனவர், வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டதாக உள்ளேயிருந்தபடியே கத்தினாராம்.

இதுவே அப்பா சொன்னால் தேளுக்குப் பதில் பூரான் வரும். என் சித்தப்பா பாம்பு என்பார். பூட்ஸுக்குள் காலும் பாம்பும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டால், "அந்தக் காலத்துப் பூட்ஸு பெருசு" என்பார். ஆனால் கடைசிப் பகுதியில் மூன்று பேரும் ஒத்துப்போவார்கள். கூண்டை விட்டு இறங்கும்போது ஆத்தா கைப்பிடியைத் தட்டி, "இனி இந்த எடத்துல சொல்ற வாக்கு என் வாக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"அத்தை, அந்தக் கட்டடமே அதுக்கு அப்புறம் கட்டியிருக்கலாம்" என்றேன்.

"போய்ப் பாத்தியா?"

போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கட்டடத்துக்கு வண்ணம் அடித்தபோதும் கல்லுக்கும் சேர்த்து அடித்ததில் அதில் இருந்த வருடம் மறைந்துவிட்டது. என் வாதம் அந்தக் கல்லோடு நின்றுபோனது.

நான் செய்த தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் குறி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. என்ன கஷ்டம் என்று நாமாகச் சொல்லக் கூடாது. குறி சொல்கிறவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். ஒவ்வொன்றுக்கும் நாம் 'ஆமா' போட வேண்டும். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் சாமி மலையேறிவிடும், குறி அறுந்துவிடும். சொல்வது தப்பாக இருந்தாலும் ஆமாதான். வாசலில் இரண்டு வேப்பமரம் என்பார். நம் வாசலில் ஒரு முருங்கை மட்டும் நிற்கும். ஆமா என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் அப்படிச் சுற்றி இப்படிச் சுற்றிக் கடைசியில் நம் வீட்டு முருங்கைக்கு வந்து சேர்வார். சின்ன வயதில் அத்தையோடு போய் நானும் ஆமா போட்டிருக்கிறேன். சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகு இதையெல்லாம் நினைவிலிருந்து சுத்தமாக ஒழித்துவிட்டேன். அத்தையும் ஒழித்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

சிவில் வழக்கில் சாட்சி முதலில் சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடுத்துவிடலாம். அதை அருமையான தமிழில் எட்டுப் பக்கத்துக்கு எழுதி அத்தையின் கைநாட்டு வாங்கினேன். குறுக்கு விசாரணைக்காக நாற்பது கேள்விகளைத் தயார் செய்து ஒரு வாரம் பழக்கினேன். சந்து எத்தனை அடி, வண்டி எத்தனை அடி, கேட்டு எப்போது போட்டார்கள். அத்தை பட்டுப் பட்டென்று சொன்னாள். கடைசியாக ஒரு புத்திமதியும் சொல்லிவைத்தேன்: "அந்த வக்கீல் பெரிய மனுஷர். அவர்கிட்ட சண்டைக்குப் போகாதே. மரியாதையா பதில் சொல்லு."

"எனக்குத் தெரியாதா? நானு இன்னா காட்டுலயிருந்தா வந்துக்கீறேன்?" என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் உண்மையிலேயே பெரிய மனுஷர். நரைத்த தலை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு, கையிலிருக்கும் பேனாவை மேஜையில் டொக் டொக்கென்று தட்டுவார். அன்று டவாலி வராந்தாவில் நின்று அத்தையின் பெயரை மூன்று முறை கூவினார். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறினாள். கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டார். குறுக்கு விசாரணையின் முடிவில் எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாகச் சாட்சியின் முன் எடுத்துவைப்பார்கள். 'இப்படி என்று சொன்னால்?' என்பார் வக்கீல். 'சரியல்ல' என்று சொல்ல வேண்டும். இது வெறும் சடங்கு. எல்லாச் சாட்சிகளும் சரியல்ல என்று மறுப்பார்கள் என்பதால் அதை நான் பழக்கவே இல்லை.

அவர் கண்ணை மூடினார். பேனாவைத் தட்டினார்.

"அந்தச் சந்துல உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாதுன்னு சொல்றேன்."

"ஆமா" என்றாள் அத்தை.

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்மணியின் கை நின்றது. வக்கீல் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். முப்பது வருடத் தொழிலில் அவருக்கு இப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது. பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு திறந்தே இருந்தால் எப்படித் தடுமாறுவோமோ அப்படித் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

"வீட்டுக்காரங்க பெருந்தன்மையா விட்டதாலதான் அந்த வழியா போய்ட்டு வந்தீங்க."

"ஆமாங்க."

"அவங்களைத் தொந்தரவு பண்ணணும்னே இந்த வழக்கைப் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க சாமி."

நான் எழுந்து நின்றேன். என்ன சொல்வதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, "கவுன்சல், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வக்கீலுக்கு ருசி கண்டுவிட்டது. வண்டி அத்தையுடையதே இல்லை என்றார். ஆமா. அத்தை அந்த வீட்டிலேயே குடியில்லை என்றார். ஆமா. பதினான்காவது ஆமாவில் அவருடைய ஜூனியர் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நிமிஷம். அம்மா, இங்க என்னைப் பாருங்க. நீங்க ஒரு ஸ்கூல் டீச்சர்னு சொன்னா?"

"ஆமா தாயி."

"நீங்கதான் இந்தக் கோர்ட்டு ஜட்ஜ்னு சொன்னா?"

அத்தை கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஆமா தாயி."

"உங்க இட்லி கல்லு மாதிரி இருக்கும்னு சொன்னா?"

அத்தையின் முகம் மாறியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கோர்ட்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆ...மா" என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துவிட்டது.

"கவுன்சல்," என்றார் நீதிபதி அம்மா, "என்ன நடக்குது இங்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணை மூடிய முகம், டொக் டொக்கென்ற தாளம், கிணற்றுக் குரல், ஆத்தா நின்ன கூண்டு. அத்தை குறி கேட்டுக்கொண்டிருக்கிறாள். விளக்க வேண்டியது என் பொறுப்பு. என் குடும்பத்தில் யாரும் குறி கேட்டதாக அதுவரை கல்லூரியிலோ ஆபீசிலோ ஒரு வார்த்தை சொன்னதில்லை நான். இப்போது முப்பது வக்கீல்களுக்கு நடுவில் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக நின்று வேப்பமரம், முருங்கைமரம், சாமி மலையேறுவது எல்லாவற்றையும் சொன்னேன். தேளைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். டவாலிதான் முதலில் பேசினார். "ஆமாம்மா, எங்க ஊர்லயும் அப்படித்தான். இல்லேன்னா போச்சு." பெஞ்சு கிளார்க், அந்தப் பூட்ஸு ரெகார்டு ரூமில் ரொம்ப நாள் இருந்ததாகத் தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலே, "எங்க பெரியப்பா சொல்லுவார் யுவர் ஆனர், அது தேள் இல்ல, மரவட்டை" என்றார். இப்படியாக என் அத்தையின் வழக்கு கால் மணி நேரம் ஒரு பூட்ஸுக்குள் சிக்கிக்கொண்டது.

ஆனால் பெரிய மனுஷர் தொழிலை மறக்கவில்லை. "கதை சுவாரசியம்தான். பதில்கள் மட்டும் சொன்னபடியே பதிவாகணும்" என்றார். பதிவாயின. சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி அம்மா தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். அதைத் தவிர, தாளில் இருந்த அளவில், நாங்கள் தோற்றுவிட்டோம். சந்து போயிற்று.

ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கியதும் வெடித்தேன்.

"உரிமை இல்லேன்னு அவர் சொல்றார், நீ ஆமாங்கிறே! வண்டியே உன்னுது இல்லையாம், அதுக்கும் ஆமா!"

"இன்னா பண்ணச் சொல்றே? மரியாதையா பேசுன்னு நீதான சொன்னே? அந்த எடத்துல நின்னு இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"சொல்லித்தான் ஆகணும்!"

"எப்டியும் சுத்திக்கினு உண்மைக்கு வந்துடுவாருன்னு பாத்தேன். வண்டிகிட்ட வந்துட்டாரு. இன்னும் நாலு ஆமா போட்டிருந்தா சந்துக்கு வந்திருப்பாரு. நீதான் குரங்காட்டம் எழுந்து எழுந்து ஒக்காந்து கெடுத்துட்டே."

"அவர் சாமி இல்ல அத்தை. எதிரியோட வக்கீல்."

"அப்பறம் ஏன் கண்ண மூடிக்கினு தட்டறாரு?"

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும், பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொன்னேன்: கோர்ட்டில் யார் என்ன சொன்னாலும் ஆமா சொல்லாதே. முதலில் கேள், யோசி, உனக்குச் சரி என்று பட்டால் மட்டும் சொல். அத்தை உளுந்து கழுவிக்கொண்டிருப்பாள்.

அடுத்த முறை முன்வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். மடிப்புக் கலையாத சட்டை. எங்களுக்கு நேர்ந்த கதி தங்களுக்கு நேரக் கூடாது என்று அவரை நன்றாகத் தயார் செய்திருந்தார்கள். வராந்தாவில் அவருடைய வக்கீல் சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டேன்: "அந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் ஒரே பதில். 'சரியல்ல.' அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்." அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற அதிகாரி, உத்தரவை நிறைவேற்றுவதில் பழக்கம் உள்ளவர்.

நான் எழுந்தேன். முதலில் மெதுவாகத் தொடங்கினேன்.

"இருபது வருஷமா வாதி அந்தச் சந்து வழியா வண்டி கொண்டுபோறாங்கன்னு சொன்னா?"

"சரியல்ல."

"நீங்க கேட்டு போட்ட பிறகுதான் அது நின்னுதுன்னு சொன்னா?"

"சரியல்ல."

"கேட்டு போடறதுக்கு முந்தின நாள் வரைக்கும் நீங்களே அந்த வண்டியில இட்லி வாங்கிச் சாப்பிட்டீங்கன்னு சொன்னா?"

"சரியல்ல."

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது: "அடப்பாவி! வடகறி ரெண்டு தபா கேட்டு வாங்குவியே நைனா!" டவாலி, "உஷ்!" என்றார்.

அந்த மனிதர் அத்தையைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். உங்களிடம் கார் இருக்கிறது. சரியல்ல. அதைச் சந்து வாயில் நிறுத்துகிறீர்கள். சரியல்ல. கேட்டின் சாவி உங்களிடம் இருக்கிறது. சரியல்ல. நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்து விழத் தொடங்கியது. அவருடைய வக்கீல் திருப்தியோடு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அந்தச் சந்து உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் சொந்தம்னு சொன்னா?"

"சரியல்ல."

"வாதிக்கு அதுல எந்த உரிமையும் இல்லேன்னு சொன்னா?"

"சரியல்ல" என்றார் அவர், அதே கம்பீரத்தோடு.

டைப் அடிக்கும் பெண்மணி இரண்டையும் அடித்து முடித்திருந்தார். இந்த இரண்டு கேள்விகளையும் நான் திட்டமிட்டுத்தான் கேட்டேன். தற்செயலாக நடந்தது என்று சொல்லிக்கொண்டால் அடக்கமான பெண் என்று பெயர் கிடைக்கும். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

எதிர்த்தரப்பு வக்கீல் கண்களை முழுசாகத் திறந்துகொண்டு எழுந்தார். "யுவர் ஆனர், சாட்சி ஒரு வேகத்துல..."

"சொன்னபடியே பதிவாகணும்னு போன தடவை யார் கேட்டது?" என்றார் நீதிபதி அம்மா. பிறகு இரண்டு சாட்சியங்களையும் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு படித்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. "வாதி சொன்னதைப் பார்த்தா வாதிக்கு உரிமை இல்ல. பிரதிவாதி சொன்னதைப் பார்த்தா பிரதிவாதிக்கும் தனி உரிமை இல்ல. இந்தச் சந்தை நான் யாருக்குக் கொடுக்கறது, அந்த ஜன்னல் புறாவுக்கா? வெளிய போய் ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. மத்தியானம் வாங்க."

அத்தையைத் தூணோரம் நிழலில் உட்கார வைத்துவிட்டு, வராந்தாப் படியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முன்வீட்டுக்காரர் தான் சொன்ன பதிலை வக்கீல் படித்துக் காட்டக் கேட்டதிலிருந்து ஆடிப்போயிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார். கேட்டு இருக்கட்டும்; காலை ஐந்து மணி முதல் பதினொன்று வரை முழுசாகத் திறந்து வைக்கிறேன்; வண்டி போய் வரட்டும் என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை. நான் எழுதிய முதல் ராஜி மனு அது. பச்சை லெட்ஜர் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், நான்கு பிரிவுகளாக எழுதினேன். 'மேற்படி சந்து', 'மேற்படி வண்டி' என்று ஒவ்வொன்றும் கல்வெட்டு மாதிரி நின்றது. பெரிய மனுஷர்கூடப் படித்துவிட்டு, "நல்லா எழுதறே" என்றார்.

மத்தியானம் நீதிபதி அம்மா மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு அத்தையை அழைத்தார். இந்த முறை கூண்டு வேண்டாம், மேஜைக்கு முன்னால் நின்றால் போதும் என்றார்.

"காலையில அஞ்சு மணியிலேருந்து பதினொண்ணு வரைக்கும் கேட்டைத் திறந்து வைப்பாங்க. வண்டி போகலாம். இதுக்குச் சம்மதமாம்மா?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அன்று பதினேழு முறை தேவையில்லாமல் கிடைத்த அந்த ஒரு சொல் இப்போது ஒரே ஒரு முறை போதும். எதிர்த்தரப்பு வக்கீல் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். நான் அத்தையைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டிக் காட்டினேன்.

அத்தை யோசித்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மறுபடி யோசித்தாள்.

"இல்ல தாயி" என்றாள்.

"அத்தை!" என்றேன் நான்.

"நீ சும்மா இருடி." நீதிபதி பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் பஜ்ஜி வண்டி எப்டி தாயி போவும்? பறந்துகினா போவும்?"

என் காது சுட்டது. பஜ்ஜியை மறந்துவிட்டேன். எட்டுப் பக்க வாக்குமூலத்தில் இட்லி இருந்தது, வடகறி இருந்தது, சட்னி வகைகள்கூட இருந்தன. சாயங்காலம் நான் எப்போதும் ஆழ்வார்பேட்டை ஆபீசில் இருப்பவள். அத்தையின் சாயங்காலம் எனக்குத் தெரியாது. அவளுக்குப் பாதி நாளை வாங்கிக்கொடுத்துவிட்டு, முழு வெற்றி என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலமும் திறந்து போட்டா என் கார் எங்க நிக்கும்?" என்றார் முன்வீட்டுக்காரர்.

"யாரு தொறந்து போடச் சொன்னா?" என்றாள் அத்தை. "நீ இன்னாத்துக்குத் தொறக்கணும்? நாள் முச்சூடும் பூட்டியே வெச்சுக்கோ. சாவி ஒண்ணு எனக்குக் குடு. நானே தொறந்துகினு போவேன், நானே மூடிக்குவேன். காலைல அஞ்சு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மட்டும் காரை ரெண்டு அடி தள்ளி வுடு. வண்டி திரும்பி வந்தா உன் கேட்டும் பத்திரம், என் வண்டியும் பத்திரம்."

முன்வீட்டுக்காரர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் என்னைப் பார்த்தார். மூன்று பேரும் சட்டையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுக்கொண்டோம். இரண்டு மணி நேரம் படியில் உட்கார்ந்து பேசியும் எங்களில் ஒருவருக்கும் சாவி தோன்றவில்லை.

"சாவி கொடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் முன்வீட்டுக்காரர், மெல்லிய குரலில்.

நீதிபதி அம்மா என் கல்வெட்டு இரண்டாம் பிரிவின் மேல் குறுக்குக் கோடு ஒன்றைப் போட்டார். பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார்: நாள் முழுவதும், சாவி சகிதம். "இப்போ சம்மதமாம்மா?"

"எழுதினத முழுசா படிச்சுக் காட்டச் சொல்லு தாயி. கேட்டுட்டுச் சொல்றேன்."

நீதிபதி அம்மா தாளை என்னிடம் நீட்டினார். எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. எழுந்து நின்று படித்தேன். முதல் பிரிவுக்கு அத்தை தலையாட்டினாள். இரண்டாம் பிரிவு முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத இன்னொரு தபா படி. அந்த 'மேற்படி' எல்லாம் வுட்டுட்டு, சந்துன்னா சந்துன்னு படி."

சந்து என்றே படித்தேன். நான்காம் பிரிவு வரை நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் நான்கு பிரிவையும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். டைப் அடிக்கும் பெண்மணி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமா" என்றாள் அத்தை. "இது சரிதான்." மை டப்பியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.